சீப்புச் சீடை டின்னும் நாற்பது சீட்டும்: வாழ்க்கைத் திறன் வகுப்பைப் புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்கு

ஜூன் மாதம் பாடவேளை அட்டவணை போடும்போது கடைசியாக மிச்சமிருக்கும் ஒரு கட்டத்தைக் காட்டி, "வாழ்க்கைத் திறன்... இது உங்களுக்கு டீச்சர், நீங்கதான் பிள்ளைகளோட நல்லாப் பேசுவீங்க" என்பார் தலைமையாசிரியர். எனக்கும் அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. புதுவயல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இனப்பெருக்கப் பாடமே நடத்துகிறோம், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் வருடம் நான் செய்தது இதுதான். ஒரு டாக்டரம்மாவை அழைத்துவந்து, எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பெண் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். பையன்களைக் கபடி விளையாட அனுப்பினேன். டாக்டர் நன்றாகத்தான் பேசினார். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டபோது ஒரு கை எழவில்லை. பையன்களோ அடுத்த ஒரு மாதம், "உள்ள என்ன சொன்னாங்க?" என்று பெண் பிள்ளைகளை ஓட்டித் தள்ளினார்கள். அந்தக் கோடையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஜூனில் வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல் நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரியும். கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

பதின்வயதுக் கர்ப்பத்தையும் சிறுவயதுக் கல்யாணத்தையும் தடுக்க இந்த வகுப்பில் என்ன செய்யலாம் என்று அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, சாக்கோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் இந்த வகுப்பை முதல்முறை எடுப்பவர்களுக்கு உதவும்.

எதைத் தடுக்கப் பார்க்கிறோம்

2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள், அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 5 சதவீதம். நாடு முழுவதும் இதே எண் 7.9இலிருந்து 6.8ஆக இறங்கியபோது நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. நம்ம ஊர்ல எல்லாம் அப்படி இல்லை டீச்சர் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

கர்ப்பம் மூன்று வழியில் வருகிறது: காதல், கட்டாயம், கல்யாணம். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், இரண்டாவதைக் கமுக்கமாக வைப்பார்கள், மூன்றாவதை யாரும் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாமன் மகன் இருக்கிறான், தெரிந்த இடம், பாட்டி கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் வைகாசி முகூர்த்தமும் அடுத்தடுத்து வருவது நமக்குப் பெரிய தலைவலி.

உடம்பு சமாச்சாரத்தையும் தெளிவாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுக்கு முன் கர்ப்பமானால், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரும் ஆபத்தும், பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்று வரும் ஆபத்தும் அதிகம். பிள்ளை எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பாதிப் பிள்ளைகள் ரத்தசோகையோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரா வாரம் கொடுக்கும் சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறவர்களும் அவர்கள்தான்.

வீடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் நினைப்பார்கள். நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அந்த வீடுகளின் பிள்ளைகள் அல்ல. அந்தக் கல்லை வார்ப்பவரின் பிள்ளை, அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவரின் பிள்ளை, கல்யாணச் சமையலுக்கு வெளியூர் போய் மூன்றாம் நாள் திரும்பும் அம்மாவின் பிள்ளை. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். வீட்டில் இருப்பது அப்பத்தாவும் ஒரு செல்போனும்.

அதனால் வகுப்பு தொடங்கும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பிள்ளைக்கு வீட்டில் பெரியவர் யார், சாயங்காலம் எத்தனை மணிக்கு யார் இருப்பார்கள், அக்காவுக்கு எந்த வயதில் கல்யாணமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அக்காவுக்குப் பதினாறில் முடிந்திருந்தால் தங்கைக்கும் அங்கே தேதி குறித்துக்கொண்டிருப்பார்கள். விசாரணை மாதிரி கேட்காதீர்கள். குடும்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாலே பாதி வந்துவிடும். நோட்டை ஆசிரியர் அறை மேசையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

அனுமதி வாங்கும் முறை

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால், ஒரே ஒரு பெற்றோரின் புகாரில் வகுப்பு நின்றுவிடும். 2020இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடியவரை ஓர் ஆண், ஒரு பெண், இப்படிப்பட்ட வகுப்புகளை எடுக்கப் பயிற்சி பெற வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் ஒரு பாடமாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"இதைச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைகள் கெட்டுப் போகாதா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்ட கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை, தள்ளிப்போடத்தான் உதவுகிறது என்கிறது. ஆனால் கூட்டத்தில் யுனெஸ்கோ எடுபடாது. எங்கள் கூட்டத்தில் எடுபட்டது ஓர் அப்பத்தாவின் பேச்சுதான். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "எனக்குப் பதினஞ்சுல மூத்தவன். அடுத்தது தங்கல. அதுக்கடுத்ததும் தங்கல. சொல்லிக் குடுங்க டீச்சரம்மா" என்றார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியரையும் இந்தக் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் யார் வீட்டில் என்ன என்று அவருக்குத் தெரியாதது இல்லை.

டின்

வகுப்பின் அச்சாணி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரைக்குடிப் பலகாரக் கடையில் சீப்புச் சீடை வாங்கிய காலி டின் ஒன்றை எடுத்து, மூடியில் ஒரு துவாரம் போட்டேன். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதே என்பீர்கள். அது சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்குகிறது. அதில் யார் போடுகிறார்கள் என்று நான்கு பேர் பார்ப்பார்கள். டின்னின் விதி வேறு: வகுப்பு முடியும்போது நாற்பது பேருக்கும் ஒரே அளவில் வெட்டிய சீட்டு கொடுக்க வேண்டும், நாற்பது பேரும் போட்டாக வேண்டும். கேட்க ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு கோலம் வரையலாம், சினிமாப் பாட்டு வரி எழுதலாம். எல்லோரும் எழுதுவதால் கேள்வி கேட்டவர் யார் என்று தெரியாது. பென்சில்தான் கொடுக்க வேண்டும், பேனா மையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சீட்டை வகுப்பில் பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, அடுத்த வாரம் என் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து பதில் சொல்வேன்.

முதல் வாரம் முப்பத்தைந்து கோலம், நாலு பாட்டு, ஒரு கேள்வி. அந்த ஒன்று: "மிஸ் உங்களுக்கு ஏன் கோவம் வருது". பதில் சொன்னேன். மூன்றாவது வாரத்திலிருந்து உண்மையான கேள்விகள் வந்தன. "முத்தம் குடுத்தா பிள்ள உண்டாகுமா?" "ஒரே தடவைல ஆகாதுன்னு சொல்றாங்களே?" "பப்பாளியும் எள்ளும் சாப்பிட்டா கலைஞ்சிருமா?" "நாள் தள்ளிப் போனா அதுதானா?"

பதில்கள் சுருக்கமாக, நேராக இருக்கட்டும். முத்தத்தில் கர்ப்பம் வராது. ஒரே தடவையிலும் ஆகலாம். மாதவிடாய் ஒழுங்காக வராதவளுக்கும் ஆகலாம், ஏனென்றால் சினைமுட்டை மாதவிடாய்க்கு முன்பே வெளிவந்துவிடுகிறது. பப்பாளியும் எள்ளும் கலைக்காது. அதை நம்பிக் காத்திருக்கும் வாரங்கள்தான் வீணாகும். மருந்துக் கடையில் யாரோ வாங்கித் தரும் கலைப்பு மாத்திரை, டாக்டர் பார்க்காமல் போட்டால் ரத்தப்போக்கில் உயிரையே கேட்கும். நாள் தள்ளிப் போவதற்கு ரத்தசோகை, கவலை, தைராய்டு என்று நூறு காரணம் இருக்கலாம், ஆனால் காரணம் எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். ஆணுறை, கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காமல், அவை என்ன, எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாவிட்டால் செல்போன் சொல்லும், அது சொல்லும் விதம் நமக்குப் பிடிக்காது.

சொற்களில் ஒரு தடுமாற்றம் வரும்

பாடநூல் கருத்தரித்தல் என்கிறது. வீட்டில் முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். மாதவிடாயை எங்கள் பக்கம் தூரம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். உறுப்புகளுக்குப் பையன்களிடம் உள்ள சொற்கள் எல்லாம் வசவுச் சொற்கள். அதனால் முதல் இரண்டு வகுப்பைச் சொற்களுக்கே கொடுங்கள். பாடநூல் சொல்லைப் பலகையில் எழுதி எல்லோரையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லவையுங்கள். சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும். மூன்றாவது முறை சொல்லும்போது சிரிப்பு தீர்ந்திருக்கும். 'கெட்டுப் போனவள்', 'பேரைக் கெடுத்துட்டா' போன்ற பேச்சு நம் வாயிலிருந்து தவறிக்கூட வரக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை நம்மிடம் வரவே மாட்டாள்.

பத்துத் திறன், அதில் மூன்று

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பட்டியலில் பத்துத் திறன்கள் உண்டு: தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், ஆராய்ந்து பார்த்தல், புதிதாக யோசித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவைப் பேணுதல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். பயிற்சியில் இந்தப் பத்தையும் மனப்பாடம் செய்யவைப்பார்கள். சரி, செய்துகொள்ளுங்கள். வாரம் நாற்பது நிமிடத்தில் பத்தும் நடக்காது. என் அனுபவத்தில் பேசுதல், முடிவெடுத்தல், ஆராய்ந்து பார்த்தல் என்ற மூன்றைப் பிடித்தால் மற்றவை பின்னால் வந்துவிடும். அதிலும் பேசுவதுதான் தலையானது. நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தெரியும், அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று பன்னிரண்டு வருடம் பழக்கியிருக்கிறோம், நானும்தான்.

ஆகவே நடித்துப் பழக வேண்டும். ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். சூழ்நிலையைப் பலகையில் எழுதுவேன்: 'ரீசார்ஜ் போட்டுவிடும் அண்ணன் ஒருவர் போட்டோ அனுப்பச் சொல்கிறார். நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறார்.' இரண்டு பெண் பிள்ளைகள் முன்னால் வருவார்கள், ஒருத்தி அண்ணனாக நடிப்பாள்.

"ஒரே ஒரு போட்டோதானே? நம்பலையா?"

முதல் முறை மற்றவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல... அம்மா திட்டுவாங்க" என்பாள். இங்கேதான் நிறுத்த வேண்டும். அம்மாவைக் காரணம் காட்டினால் அடுத்த கேள்வி, "அம்மாவுக்குத் தெரியாம அனுப்பு" என்று வரும். வகுப்பையே கேட்பேன், வேறு எப்படிச் சொல்லலாம்? யாராவது ஒருத்தி சொல்வாள்: "எனக்கு வேண்டாம். நம்பிக்கைக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?" சரி, இப்போது அதையே நிமிர்ந்து பார்த்துச் சொல். இன்னொரு முறை, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி. நான்காவது முறை குரல் நடுங்காது. அப்புறம் போனை வைத்துவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வாய் என்று ஒரு பெயர் கேட்பேன். அந்தப் பெயர் வராமல் நடிப்பை முடிக்க மாட்டேன்.

இதே முறையில் கல்யாணப் பேச்சையும் நடித்துப் பாருங்கள். அப்பாவிடம் நேராகப் பேச முடியாதவள் தாய்மாமனிடம் பேசலாம், சித்தியிடம் பேசலாம். எங்கள் வகுப்பில் ஒருத்தி கண்டுபிடித்த வழி: "பன்னண்டு முடிச்சுக் காலேஜ் சேர்ந்தா மாசம் ஆயிரம் ரூபா வரும்பா." 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டம்தான் அது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்த திட்டம்தான் இப்படிப் படிப்புக்கு மாறியது. நம் வகுப்பின் சாரமே அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பையன்களை வெளியே அனுப்பாதீர்கள்

முதல் சில வகுப்புகள் தனித்தனியாக இருக்கலாம், பிறகு சேர்ந்து உட்காரட்டும். பையன்களுக்கு உள்ள நடிப்பு வேறு: வேண்டாம் என்று கேட்டதும் திரும்பி நடப்பது. கேட்க எளிது. செய்யச் சொன்னால் ஒவ்வொருவனும் திரும்புவதற்கு முன் ஒரு டயலாக் விடுவான். ஒருவன் எழுந்து, "அவ சும்மா சொல்றாளா நெஜமா சொல்றாளான்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றான். "தெரிய வேண்டியதில்ல தம்பி. வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். ஒரு நிமிடம் வகுப்பே அமைதியாக இருந்தது.

18 வயதுக்குக் கீழ் இருப்பவரோடு உடலுறவு, அவர் சம்மதித்திருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம் என்பதைப் பையன்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இருவரும் காதலித்தோம் என்பது சட்டத்தில் விலக்கு ஆகாது. அவனும் சிறுவன் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தெரியாமல் மாட்டிக்கொள்பவன் நம் வகுப்புப் பையனாக இருக்கக் கூடாது.

சடங்கு வீட்டுக்குப் போங்கள்

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பட்டுக் கட்டி, தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து, "பெரிய மனுஷி ஆயிட்டா" என்று ஊருக்குச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பத்திரிகை வந்தால் போய்விடுவேன். மொய் எழுதிவிட்டு, தாய்மாமன் சீர்த் தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் அம்மாவைத் தனியாகப் பிடித்து, "திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பிருவீங்கள்ல?" என்று கேட்பேன். சடங்கு முடிந்து இரண்டு வாரம் வராத பிள்ளை, அப்புறம் ஒரு மாதம் வர மாட்டாள்.

ரகசியம் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள்

புதிதாக வருபவர்கள் பாசத்தில் செய்யும் பெரிய தவறு, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று வாக்குக் கொடுப்பது. கொடுக்க முடியாத வாக்கு அது. ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி நம் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே தண்டனைக்குரியது. நான் சொல்லும் வாசகம் இது: "உனக்கு ஆபத்தா இருக்கிற விஷயத்தை நான் எனக்குள்ளேயே வச்சிருக்க முடியாதும்மா. ஆனா யார்ட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அவள் சொல்லும்போது குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். எப்போது, எங்கே, ஏன் போனாய் என்றெல்லாம் கேட்பது நம் வேலை இல்லை. கேளுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதித் தேதி போடுங்கள். தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தால் அடுத்தது என்ன என்று வழிகாட்டுவார்கள். குற்றம் செய்தவர் வீட்டிலேயே இருக்கலாம் என்பதால், முதலில் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்தாலும் இதே 1098தான். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற பொறுப்பு மாவட்ட சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. தகவல் கொடுத்தவர் நீங்கள்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஏற்கெனவே கர்ப்பம் என்றால் நாள்தான் முக்கியம். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை வழி உண்டு. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். எது என்று முடிவு செய்வது அந்தப் பிள்ளையும் குடும்பமும் மருத்துவரும், நாம் அல்ல. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர் அறையில் யாராவது ஆரம்பித்தால் அதை அங்கேயே நிறுத்துவது.

ஏப்ரலும் ஜூனும்

பாடத்திட்டத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கல்யாணப் பேச்சு நடிப்பு தை, மாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முந்தைய வகுப்பில், நோட்டு அட்டையின் உள்பக்கம் 1098, பெண்கள் உதவி எண் 181, கல்வி உதவி எண் 14417, அப்புறம் நம்பிக்கையான ஒரு பெரியவரின் பெயர் ஆகிய நான்கையும் அவரவர் கையால் எழுதவையுங்கள். அச்சடித்த தாள் கொடுத்தால் அது பஸ் ஸ்டாண்டில் கிடக்கும்.

பள்ளி திறந்த முதல் வாரம் வருகைப் பதிவேட்டை எடுத்து, வராத பெண் பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதுங்கள். "பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள். சனிக்கிழமை செவிலியரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் அப்பத்தா திண்ணையில் இருப்பார்.